நான்கு குப்பிகள்

காய்ச்சல் விட்ட ஐந்தாம் நாள், குளியலறையில் சோப்பை எடுத்து வழக்கம்போல மூக்கருகே கொண்டுபோனேன். ஒன்றுமே இல்லை. மூக்கடைப்பு இல்லை, மூச்சு தாராளமாகப் போய்வந்தது. சோப்பு மட்டும் கையில் ஒரு கூழாங்கல்லைப் போல இருந்தது.

துண்டால் தலையைச் சுற்றிக்கொண்டு நேராக அலமாரிக்குப் போனேன். அங்கே ஒரு சின்ன பழுப்புக் குப்பி இருக்கிறது. அம்மா படுக்கையில் இருந்த கடைசி மாதங்களில் அவர் கைகளுக்குத் தேய்த்துவிட்ட எண்ணெய், கால்வாசி மிச்சம். மூடியைத் திறந்தேன். அதிலும் ஒன்றுமில்லை. கட்டில் ஓரத்தில் அப்படியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது.

கொரோனாவுக்குப் பிறகு வாசனை தெரியாமல் போனவர்கள் உலகம் முழுக்க ஏராளம். நானும் அவர்களில் ஒருத்தி. சில வாரங்களில் தானாகத் திரும்பிவிடும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அப்புறம்தான் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். அவர் மாத்திரை எதுவும் எழுதவில்லை.

"நாலு வாசனை வாங்கிக்கோங்க. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு. காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, ஒவ்வொண்ணா முகர்ந்து பாருங்க. வாசனை வரலைன்னாலும் விடாம செய்யுங்க" என்றார்.

இது அவர் சொந்தமாகச் சொன்ன கைவைத்தியம் அல்ல. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரைச் சேர்ந்த தாமஸ் ஹம்மல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் இருந்து வந்த முறை. நான்கு மணங்கள், நாளுக்கு இருமுறை, 12 வாரங்கள். பயிற்சி செய்தவர்களின் நுகரும் திறன் செய்யாதவர்களைவிட நன்றாகத் தேறியது. மூக்கின் மேல்கூரையில் இருக்கும் நுகர்வு நரம்புச் செல்கள் உடலில் ஓர் அபூர்வமான இனம், ஏனென்றால் வாழ்நாள் முழுவதும் புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கும் நரம்புச் செல்கள் அவை. அந்தப் புது முளைகளுக்கு வேலை கொடுத்துப் பழக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதற்கு முன்பும் என்னிடம் இந்த வாசனை எண்ணெய்கள் இருந்தன. வீடு மணக்கவும் தலையணையில் ஒரு சொட்டு விடவும் வாங்கி வைத்தவை. அரோமாதெரபி, அதாவது மணத்தால் உடலையும் மனதையும் தேற்றும் முறை, என்ற சொல்லையே கொஞ்சம் அலங்காரமான ஒன்றாகத்தான் நினைத்திருந்தேன். மூக்கு போன பிறகுதான் அந்தக் குப்பிகளுக்குள் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

முதல் வாரத்தில் ஒரு விஷயம் என்னைக் குழப்பியது. ரோஜாவில் ஒன்றுமில்லை, எலுமிச்சையில் ஒன்றுமில்லை, கிராம்பில் ஒன்றுமில்லை. யூகலிப்டஸ் குப்பியைத் திறந்தபோது மட்டும் மூக்குக்குள் ஒரு குளிர்ச்சி, சுருக்கென்று ஒரு குத்தல். வாசனை வந்துவிட்டது என்று துள்ளி எழுந்தேன். ஆனால் அது வாசனை இல்லை. தமிழில் இதற்குத் தனிச் சொல்லே இருக்கிறது: நெடி. மணத்தை மூளைக்குக் கொண்டுபோவது நுகர்வு நரம்பு. நெடியைக் கொண்டுபோவது முகத்தின் தொடு உணர்வையும் வலியையும் சுமக்கும் வேறொரு நரம்பு. என்னிடம் முதலாவது செத்துக்கிடந்தது, இரண்டாவது உயிரோடு இருந்தது. மணம், வாசம், வாடை, வீச்சம், நெடி என்று பிரித்துப் பிரித்துச் சொல்லும் நம் மொழியின் நுட்பத்தை அன்றுதான் என் மூக்கால் உணர்ந்தேன்.

ஏழாவது வாரம் கிராம்பு வந்தது. சரியாக வரவில்லை, எரிந்த ரப்பரைப் போல வந்தது. மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார், திரும்பும்போது வாசனைகள் கோணலாக வரும், அது நல்ல அறிகுறிதான் என்று. எனக்கு அழுகை வந்தது. ரப்பராக இருந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

சரி, இந்தக் குப்பிகளுக்கு வருவோம்.

எசென்ஷியல் ஆயில் என்பதைப் பலர் 'அத்தியாவசிய எண்ணெய்' என்று மொழிபெயர்க்கிறார்கள். அது தவறு. உடலுக்கு இன்றியமையாதது என்ற பொருள் அதில் இல்லை. எசென்ஸ், அதாவது சாரம் என்ற சொல்லில் இருந்து வந்த பெயர் அது. சாரத் தைலம் என்று சொல்வது பொருத்தம். இன்னொன்று, இது எண்ணெயே இல்லை என்றுகூடச் சொல்லலாம். சமையல் எண்ணெயைத் தாளில் சொட்டினால் கறை அப்படியே நிற்கும். சாரத் தைலத்தைச் சொட்டினால் பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். கொழுப்பு எதுவும் அதில் இல்லை. எளிதில் ஆவியாகும் சின்னச் சின்ன மூலக்கூறுகளின் கூட்டம், அவ்வளவுதான். ஒரே தைலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருப்பது சாதாரணம்.

எடுக்கும் முறையும் எளிமையானது. பூவையோ இலையையோ பட்டையையோ ஒரு கலனில் போட்டு அடியிலிருந்து நீராவியைச் செலுத்துகிறார்கள். நீராவி மணப்பொருள்களைத் தூக்கிக்கொண்டு மேலே போகிறது. குளிர்ந்த குழாய் வழியாக இறங்கும்போது மறுபடி நீராகிறது. அந்த நீரின் மேல் ஒரு மெல்லிய படலமாகத் தைலம் மிதக்கும். கீழே இருக்கும் நீரும் வீண் இல்லை, ரோஜாவிலிருந்து அப்படி இறங்கும் நீர்தான் பன்னீர். ஆரஞ்சு, எலுமிச்சை வகைகளில் நீராவி தேவையில்லை, தோலைப் பிழிந்தாலே போதும். மல்லிகை இந்தச் சூட்டைத் தாங்காது. அதனால் அதைக் கரைப்பான்களைக் கொண்டு எடுக்கிறார்கள்.

ஒரு கிலோ லாவெண்டர் தைலத்துக்குச் சுமார் 100 கிலோவுக்கு மேல் பூ வேண்டும். ரோஜா என்றால் 3,000 கிலோவுக்கும் மேல் இதழ்கள். மலிவாகக் கிடைக்கும் 'சுத்தமான' ரோஜாத் தைலத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்கை நினைத்துக்கொண்டால் போதும், ஏமாற மாட்டோம்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்மன் கெமோமில். வெள்ளை இதழும் மஞ்சள் நடுவும் கொண்ட சாதாரணப் பூ. காய்ச்சி வடித்தால் மை போல அடர்நீலத் தைலம் வருகிறது. அந்த நீலம் பூவில் எங்குமே இல்லை. பூவிலுள்ள மேட்ரிசின் என்ற நிறமற்ற பொருள் சூட்டில் மாறி சாமசுலீன் என்ற நீலப் பொருளாகிறது. குப்பியில் இருப்பது செடியின் ஆன்மா என்றெல்லாம் விளம்பரங்களில் எழுதுகிறார்கள். ஆனால் செடியும் நெருப்பும் நீரும் சேர்ந்து செய்த புதுப்பொருள் அது. இந்த உண்மை எனக்கு அந்த விளம்பர வாசகத்தைவிட அழகாகப் படுகிறது.

அரோமாதெரபி என்ற பெயரை வைத்தவர் ரெனே மோரிஸ் கட்டஃபோசே என்ற பிரெஞ்சு வேதியியலாளர். 1910இல் அவருடைய ஆய்வகத்தில் நடந்த வெடிவிபத்தில் கைகள் வெந்துபோயின. வலி தாங்காமல் பக்கத்திலிருந்த லாவெண்டர் தொட்டிக்குள் கையை விட்டார், உடனே ஆறிவிட்டது என்று ஒரு கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அவரே எழுதிவைத்தது வேறு. புல்தரையில் உருண்டு தீயை அணைத்தார். பிறகு கைகளில் வாயு அழுகல் என்ற, சதையை அழுகவைக்கும் தொற்று வேகமாகப் பரவியது. அப்போது லாவெண்டர் சாரத்தால் கழுவினார், அது நின்றது. தற்செயலாகக் கையை விட்ட கதையைவிட, தெரிந்தே எடுத்துப் பயன்படுத்திய வேதியியலாளரின் கதை எனக்கு உகந்தது. 1937இல் அவர் எழுதிய நூலின் தலைப்பில்தான் அந்தச் சொல் உலகுக்கு அறிமுகமானது. அவருக்குப் பின் ழான் வால்னே என்ற ராணுவ மருத்துவரும், தைலத்தை நீர்த்துப்போகச் செய்து மசாஜில் பயன்படுத்தும் முறையை வளர்த்த மார்கரீட் மோரி என்ற பெண்மணியும் இதை முன்னெடுத்தார்கள். மோரியின் வழிதான் இன்று மசாஜ் நிலையங்களில் நாம் காண்பது.

மணம் ஏன் இப்படி மனதை ஆட்டுகிறது? பார்வையும் ஒலியும் மூளைக்குப் போகும்போது தலாமஸ் என்ற இடைநிலையத்தில் இறங்கி ஏறித்தான் போகின்றன. மணத்துக்கு அந்த நிறுத்தம் இல்லை. மூக்கின் கூரையிலிருந்து மூளையின் அடியில் உள்ள நுகர்வுக் குமிழுக்கு, அங்கிருந்து உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவுக்கும் நினைவைச் சேர்க்கும் பகுதிகளுக்கும் நேர்வழி. மணத்தைப் பிடிக்கும் மூக்கின் புரதங்களான வாசனை ஏற்பிகளின் மரபணுக்களை 1991இல் கண்டுபிடித்துச் சொன்ன லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதருக்குச் சுமார் 400 வகை ஏற்பிகள் வேலை செய்கின்றன. பெயர் நாக்கு நுனியில் வரும் முன்பே நெஞ்சு கனத்துவிடுகிறதே, அதற்கு இந்த நேர்வழிதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் இதே காரணத்தால்தான் 'லாவெண்டர் அமைதி தரும், ஆரஞ்சு உற்சாகம் தரும்' என்ற பட்டியல்களை அப்படியே நம்புவதில்லை நான். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அம்மா.

அவர் படுக்கையில் விழுந்த பிறகு கைகள் வறண்டு, விரல்கள் மடங்கியபடியே இருக்கும். மாலையில் மெதுவாகத் தேய்த்துவிடலாம் என்று, வாசனையில்லாத எண்ணெய் 30 மில்லியில் ஆறு சொட்டு லாவெண்டர் கலந்து எடுத்துப்போனேன். உள்ளங்கையில் வைத்ததுமே கையை இழுத்துக்கொண்டார்.

"இது வேண்டாம்மா. ஆஸ்பத்திரி வாடை அடிக்குது."

எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அவர் பலமுறை தங்கியிருந்த மருத்துவமனையில் தரை துடைக்கும் திரவத்தில் அந்த வாசனைதான். உலகத்துக்கே அமைதி தரும் பூ அவருக்கு ஊசியையும் உறக்கமற்ற இரவுகளையும் கொண்டுவந்தது. மறுநாள் ஆரஞ்சுத் தோல் தைலம் கலந்தேன். கண்ணை மூடிக்கொண்டு, "ம், இது நல்லா இருக்கு" என்றார். பிறகு தினமும் சாயங்காலம் அவரே கையை நீட்டுவார். விரல் விரலாகப் பிரித்துத் தேய்ப்பேன். அந்த இருபது நிமிடமும் முகத்தில் வலி தெரியாது.

எது வேலை செய்தது, மணமா, தொடுகையா, பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருப்பதா? பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டிய தேவையும் எனக்கு அப்போது இருக்கவில்லை. ஆய்வாளர்களுக்கு இருக்கிறது, அவர்களுக்கும் இது பெரிய சிக்கல். மாத்திரை ஆய்வில் ஒருவருக்குத் தெரியாமல் வெறும் மாத்திரையைக் கொடுத்துவிடலாம். வாசனையை எப்படி மறைப்பது? முகர்ந்த உடனே தெரிந்துவிடும். எதிர்பார்ப்பே பாதி வேலையைச் செய்துவிடும். ஒரே அமிலக் கலவையை ஒரு முறை பாலாடைக்கட்டி என்றும் இன்னொரு முறை வாந்தி என்றும் பெயர் சொல்லி முகரக் கொடுத்த சோதனையில், பெயருக்கேற்ப மக்களின் விருப்பு வெறுப்பே மாறியது.

இருந்தும் சில இடங்களில் ஓரளவு உறுதியான சான்று இருக்கிறது. குடலில் மட்டும் கரையும்படி பூசப்பட்ட பெப்பர்மின்ட் மாத்திரைகள் எரிச்சல் குடல் நோயின் வயிற்றுப் பிடிப்பைக் குறைக்கின்றன. அளவு நிர்ணயிக்கப்பட்ட 80 மில்லிகிராம் லாவெண்டர் மாத்திரை பதற்றத்தைத் தணிப்பதாகப் பல சோதனைகள் காட்டியுள்ளன, அவற்றில் பலவற்றைத் தயாரிப்பாளரே நடத்தியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டீ ட்ரீ என்ற ஆஸ்திரேலிய மரத்தின் இலையிலிருந்து எடுக்கும் தைலம், 5 சதவீத அளவில், முகப்பருவுக்கு உதவுவதை 1990இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் சோதித்துப் பார்த்தார்கள். வழக்கமான மருந்தைவிட மெதுவாக வேலை செய்தது, எரிச்சலும் குறைவாக இருந்தது. கவனித்தால் ஒன்று புரியும்: இவற்றில் எதுவும் முகர்ந்து குணமானது அல்ல. மாத்திரையாகவோ களிம்பாகவோ உள்ளே அல்லது மேலே போன மருந்துகள். மருத்துவர் தரும் மாத்திரையைப் பார்த்துவிட்டு வீட்டுக் குப்பியிலிருந்து சொட்டு விட்டுக் குடிப்பவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. தயவுசெய்து குடிக்காதீர்கள்.

முகர்வதால் புற்றுநோய் போகாது, சர்க்கரை குறையாது, கிருமித்தொற்று தீராது. மனம் சற்று இளகும், மூச்சு நிதானமாகும், தூங்கப்போகும் நேரத்துக்கு ஓர் அடையாளம் கிடைக்கும், குமட்டல் சிலருக்கு அடங்கும். இது குறைவான பலன் என்று நான் நினைக்கவில்லை. வலியில் இருக்கும் ஒருவருக்கு இருபது நிமிடம் என்பது பெரிய காலம்.

இனி ஆபத்துகள். இதை நான் நிதானமாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் 'இயற்கைதானே' என்ற ஒரு சொல் நிறைய பேரைக் காயப்படுத்தியிருக்கிறது. என்னையும்தான்.

ஒருநாள் கால் வலிக்கு வெந்நீரில் பத்துச் சொட்டு பெப்பர்மின்ட் விட்டுக் காலை வைத்தேன். தைலம் நீரில் கரையாது, மேலே மிதக்கும் என்பதை யோசிக்கவில்லை. மிதந்த அத்தனையும் கணுக்காலைச் சுற்றி வளையமாக ஒட்டிக்கொண்டது. வெந்நீரில் நிற்கிறேன், ஆனால் கால் விறைக்கிறது, அதோடு தீயாக எரிகிறது. தோலில் குளிரை உணரும் ஏற்பியையே பெப்பர்மின்ட்டில் இருக்கும் மென்தால் என்ற பொருள் தட்டி எழுப்பிவிடுகிறது. அந்த ஏற்பியை மென்தாலை வைத்தே 2002இல் கண்டுபிடித்தார்கள், அதைச் செய்தவர்களில் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். எனக்கு அன்று அதெல்லாம் தெரியாது. தண்ணீரை ஊற்ற ஊற்ற எரிச்சல் போகவில்லை. சமையல் எண்ணெயைத் துணியில் நனைத்துத் துடைத்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவியதும்தான் அடங்கியது. தைலம் எண்ணெயில்தான் கரையும்.

எனவே தோலில் எதையும் நேரடியாகத் தடவ வேண்டாம். 30 மில்லி சாதாரண எண்ணெயில் ஆறு சொட்டு என்பது ஏறத்தாழ 1 சதவீதம், தொடங்குவதற்கு அது போதும். முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாளாவது பொறுத்துப் பாருங்கள். பெர்கமாட் என்ற பழத்தைப் போன்ற சிட்ரஸ், அதாவது எலுமிச்சை, ஆரஞ்சு இனத் தோல்களைப் பிழிந்தெடுத்த தைலங்கள் சிலவற்றில் வெயில் பட்டால் தோலைச் சுட்டுவிடும் பொருள் இருக்கிறது, தடவிய பின் பன்னிரண்டு மணி நேரமாவது அந்த இடத்தில் வெயில் படக் கூடாது.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் குப்பிகள் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். சில மில்லி யூகலிப்டஸ் தைலமோ கற்பூரத் தைலமோ உள்ளே போனாலே சிறு குழந்தைக்கு வலிப்பு வரலாம். வின்டர்கிரீன் என்ற செடியின் தைலம் ஒரு தேக்கரண்டி என்பது சுமார் இருபது ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம். கைக்குழந்தைக்குச் சளி என்று மூக்கருகே மென்தால் தடவுவதும் வேண்டாம், குரல்வளை இறுகி மூச்சு அடைக்கலாம். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. பூனை வளர்ப்பவர்கள் டீ ட்ரீயை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம், இந்த வேதிப்பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் மிகவும் பலவீனமானது.

2021இல் அமெரிக்காவில் வெவ்வேறு மாநிலங்களைச் சேர்ந்த நான்கு பேருக்கு மெலியாய்டோசிஸ் என்ற கடும் தொற்று வந்தது. இரண்டு பேர் இறந்தார்கள், ஒருவர் குழந்தை. காரணத்தைத் தேடிப் போனவர்கள் கடைசியில் அறைக்குத் தெளிக்கும் ஒரு அரோமாதெரபி ஸ்ப்ரேயில் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். இதைப் படித்த நாளிலிருந்து, தண்ணீர் கலந்த எந்த வாசனைப் பொருளையும் நான் வீட்டில் நாள்கணக்கில் வைப்பதில்லை.

வாங்கும்போது குப்பியில் தாவரத்தின் அறிவியல் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். லாவெண்டர் என்று மட்டும் இருந்தால் அது எந்த லாவெண்டர் என்று தெரியாது, ஒன்றில் கற்பூரம் குறைவு, இன்னொன்றில் தூக்கலாக இருக்கும். 'தெரபியூடிக் கிரேடு' என்ற முத்திரைக்கு எந்தப் பொது அமைப்பின் அங்கீகாரமும் கிடையாது, விற்பவர்களே வைத்துக்கொண்ட பெயர் அது.

டிஃப்யூசர், அதாவது தைலத்தைக் காற்றில் பரப்பும் கருவி, வாங்கினால் அரைமணி நேரம் ஓடவிட்டு நிறுத்திவிடுங்கள், ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும். உண்மையில் அதுகூட வேண்டாம் என்பேன். ஒரு காகித நறுக்கில் ஒரு சொட்டு, கண்ணை மூடி இருபது விநாடி. பயிற்சியில் நான் அப்படித்தான் செய்தேன். முகரும்போது அந்தப் பொருளை மனதில் கொண்டுவர வேண்டும், எலுமிச்சை என்றால் தோலைக் கிள்ளும் நகம், தெறிக்கும் ஈரம். வாசனை வராத நாட்களிலும் நினைவு வந்தது.

பதினைந்தாவது வாரம் எலுமிச்சை தெளிவாக வந்தது. கிராம்பு ரப்பரிலிருந்து மெல்ல மீண்டது. ரோஜா இன்றுவரை பாதிதான் வருகிறது, தூரத்து அறையில் யாரோ வைத்திருப்பதைப் போல.

சிட்ரஸ் மணம் திரும்பிய அன்று அலமாரியிலிருந்து அம்மாவின் குப்பியை எடுத்தேன். ஆரஞ்சுத் தைலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் லிமோனீன் என்ற பொருள்தான். காற்று பட்டால் அது மாறிவிடும், மாறிய பொருள் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். பழைய ஆரஞ்சுத் தைலத்தைக் கொட்டிவிட வேண்டும் என்று நானே மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். மூடியைத் திறந்தேன். கலந்திருந்த எண்ணெயும் சிக்குப் பிடித்துப்போயிருந்தது. அந்தப் பழைய காறல் வாடைக்குக் கீழே, மிக மெல்லிதாக, ஆரஞ்சு இருந்தது.

தோலில் படாமல் மூடிவைத்தேன். கொட்டவில்லை.